திரையிலிருந்து தாளுக்கு

மனிதன் மனசுக்குள் ஓடுவதைப் படமாகக் காட்ட ஒரு கருவியைக் கண்டுபிடித்தவர்கள், அந்தப் படத்தைப் பிடித்து வைக்க ஒரு பட்டனையும் கொடுத்திருக்கக் கூடாதா? கொடுக்கத்தான் செய்தார்கள். சட்டம் வந்து பிடுங்கிக்கொண்டது. அந்த ஒரு பட்டன் இல்லாமல் தன்ஷிகா நாலு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் கிருத்திக், கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், நினைவு திரும்பாதவர்கள் வார்டில் கிடந்தான். அவினாசி ரோட்டில் பைக்கோடு சாய்ந்தவன், அதற்குப் பிறகு கண் திறக்கவே இல்லை. மூச்சைக் கருவி விட்டது. சாப்பாட்டைக் குழாய் ஊட்டியது. தலைமாட்டில் ஒரு சின்னச் சதுரத் திரை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு அகத்திரை என்று பேர். நெற்றியிலும் பிடரியிலும் ஒட்டிய வில்லைகள் மூளைக்குள் நடப்பதைப் பொறுக்கி எடுத்து அதில் படமாகப் போடும். எந்நேரமும் போடாது. பெரும்பாலும் புகை மாதிரி என்னமோ ஓடும். காதருகே வேண்டியவர்கள் யாராவது பேசினால், சில சமயம், ஒரு படம் வந்து இரண்டு மூன்று மூச்சு நேரம் நிற்கும். அப்புறம் போய்விடும். போனது போனதுதான், எங்கேயும் பதியாது.

ஆரம்பத்தில் பதிந்துகொண்டுதான் இருந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மயங்கிக் கிடக்கிற அப்பன் மனசில் வீடு தெரிகிறது, அது எனக்குத்தான் என்று ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனான். படுக்கையில் கிடந்த பெண்டாட்டி மனசில் வேறொரு ஆம்பிளை முகம் தெரிந்ததென்று இன்னொருத்தன் அவளை அந்தப் படுக்கையிலேயே அடித்தான். போதுமடா சாமி என்று சட்டம் போட்டார்கள். அகத்திரையில் வருவதை யாரும், எங்கும், எந்த விதத்திலும் சேமிக்கக் கூடாது.

சேமிக்க முடியாத படத்தை வைத்துக்கொண்டு அவள் எதை நிரூபிப்பாள்? இன்று மதியம் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு கூடுகிறது. உள்ளே விழிப்பு இல்லை என்று அவர்கள் முடிவு சொன்னால், சாயங்காலம் மூச்சுக் கருவியை நிறுத்திவிடுவார்கள்.

குழுவுக்குத் தலைவி டாக்டர் சுகன்யா. கெட்டவர் இல்லை, பாவம். நேற்றுக்கூடத் தன்ஷிகாவை உட்கார வைத்துத்தான் பேசினார்.

"நாங்க மூணு பேரும் எத்தனையோ தடவை வந்து நின்னு பாத்துட்டோம்மா. வெறும் புகைதான் ஓடுது. மேகத்துல யானை தெரியற மாதிரி, ஆசைப்பட்டுப் பாக்கறவங்களுக்கு என்னமோ தெரியும்."

"நான் பேசுனா வருதுங்க டாக்டர், நீங்க வந்து நின்னப்பத்தான் வரல. எங்க வீட்டு வாசப்படி. அப்படியே வருது. வீட்டுக்கு வரணும்னு நெனைக்கறாருங்க."

"அதை ஒரு தாள்ல காட்டுங்க. மெஷினோட சொந்த பிரிண்டர்ல, முத்திரையோட வரணும். வேற எந்தப் படத்தையும் இந்தக் காலத்துல யாரும் நம்ப மாட்டாங்க. அது ஒண்ணு இருந்தா அவர் பக்கத்துல யாரும் போக முடியாது."

"பதிஞ்சு வெக்கக் கூடாதுங்கறீங்க. அப்பறம் எப்படிங்க தாள்ல காட்டறது?"

"அச்சடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லம்மா. சேமிக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. சேமிக்காம எப்படி அச்சடிக்கறதுன்னு எனக்கும் தெரியல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதைக் கேட்டுவிட்டு வந்தவளுக்குத் தூக்கம் எங்கே வரும்?

கிருத்திக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கால் தரிக்காத மனுஷன். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளம்பியாக வேண்டும். வாய் திறந்து சொல்லவும் மாட்டான். வாசலில் மலையாய்க் குவிந்து கிடக்கும் செருப்பில் தன் ஜோடியையும் அவள் ஜோடியையும் தேடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில், தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு பைக்கிடம் போய் நின்றுகொள்வான். அவள் பேச்சுக்கு நடுவே வாசலை எட்டிப் பார்ப்பாள், தெரிந்துவிடும். "நீங்க போய் வண்டிய எடுங்க மாமா, நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தர்றேன்" என்று குரல் கொடுப்பாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இதை வைத்து அவளைக் கேலி பண்ணாத நாள் இல்லை. அப்பேர்ப்பட்டவன்தான் நாலு மாதமாக ஒரே கட்டிலில் கிடக்கிறான்.

காலையில் வார்டுக்குள் போனபோது, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீசியன் ஜெரால்டு, ஏழாம் கட்டிலருகே குனிந்து என்னமோ திருகிக்கொண்டிருந்தான். ஏழாம் கட்டில் மயில்சாமி ஐயாவுடையது. சட்டம் வருவதற்கு முன்னாலேயே, ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவருக்கு விழிப்பு இருக்கிறதென்று தாளில் நிரூபித்துவிட்டார்கள். அவர் திரையில் எப்போதும் ஒரே படம்தான். மின்விசிறி. அவருக்கு நேர் மேலே சுற்றுகிற அதே மின்விசிறி. தன்ஷிகா தினமும் அந்தக் கட்டிலைத் தாண்டும்போது வயிறு எரியப் பார்ப்பாள், கொடுத்து வைத்த மனுஷன் என்று.

கிருத்திக் கட்டிலருகே, அகத்திரைக் கருவியிலேயே இணைந்த, இதயத்துடிப்பு எழுதும் அச்சுப்பொறி கிறுகிறுவென்று ஒரு தாளைத் துப்பியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, இந்தத் தாளு யாரும் பட்டன் அமுக்காமலே எப்படி வருது?"

"அது தானா வரும்க்கா. உள்ள கட்டளை ஓடிட்டே இருக்கும். மேலதான் புது மெஷின், அடியில இருக்கறது அந்தக் காலத்து சிஸ்டம்."

"கறுப்பு ஜன்னலா? நாம எழுத்துல அடிச்சுக் குடுத்தா செய்யுமே, அதுவா?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திருப்பூர்ல எங்க கம்பெனில லேபிள் எல்லாம் அப்படித்தான் அடிக்கறோம். ஃபைலுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இந்தப் பக்கம் வர்றத அப்படியே அந்தப் பக்கம் பிரிண்டருக்குத் தள்ளி விட்டுருவோம். ரெண்டு கட்டளைக்கும் நடுவுல நெட்டுக்குத்தா ஒரு கோடு போடுவோம், அவ்வளவுதான்."

ஜெரால்டு திருகாணியைக் கீழே போட்டுவிட்டான். "பைப்பு," என்றான் மெதுவாக. "திரையப் புடி, கோடு, பிரிண்டருக்கு அனுப்பு. நடுவுல எங்கயும் பதியாது."

"சேமிச்சதாகாதில்ல?"

"ஆகாதுக்கா. குழாய்ல தண்ணி ஓடுனா அதை ரொப்பி வெச்சதுன்னு சொல்ல முடியுமா?" சொன்ன வேகத்திலேயே அவன் முகம் சுருங்கியது. "ஆனா நான் அந்த ஜன்னலத் தொறந்து விட்டேன்னு தெரிஞ்சா என்ற வேலை போயிரும். எனக்கு வீட்ல கைக்குழந்தை இருக்குதுக்கா."

தன்ஷிகா அவன் காலில் விழுந்துவிட்டாள். வார்டென்றும் பார்க்கவில்லை, தன்னைவிட இளையவன் என்றும் பார்க்கவில்லை. "சாயங்காலம் நிறுத்தீருவாங்க தம்பி! அவரு உள்ள இருக்காரு. உசுரோட இருக்கற மனுசன நிறுத்தீருவாங்க!" என்று அவன் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினான். நர்ஸ் காலை மருந்து எடுக்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து, அகத்திரைக் கருவிக்குப் பக்கவாட்டில் ஒரு விசைப்பலகையைச் செருகினான்.

கட்டளையை அவளே அடித்தாள். இரண்டு முறை தப்பாய்ப் போய்த் திருத்தி அடித்தாள். படம் அவள் பேசினால்தானே வரும்? அதனால் ஜெரால்டு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து நிற்க, அவள் போய்க் கிருத்திக் காதருகே குனிந்தாள்.

"மாமா, நாந்தான். தண்ணி மோட்டாரு மறுபடி மக்கர் பண்ணுது. மெக்கானிக் வந்து பாத்துட்டு, அண்ணன் வரட்டும், அவருக்குத்தான் இதோட சங்கதி தெரியும்ங்கறான். கேக்குதா மாமா? இன்னைக்கு மட்டும் கொஞ்சம் நல்லாக் காட்டுங்க. ஒரே ஒரு தடவை."

புகை கலைந்தது. படம் வந்தது. "வந்துருச்சுக்கா!" என்று ஜெரால்டு தட்டினான். அச்சுப்பொறி முனகியது. தாள் வெளியே வரவர அவள் இழுக்காத குறையாகப் பிடித்துக்கொண்டாள்.

மேலே கிருத்திக் பெயர். கட்டில் எண். தேதி. மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை. சுற்றிலும் அழகாய் ஒரு பார்டர். நடுவில் படம் இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு சதுரம். வேறொன்றும் இல்லை.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டாக்டர் சொன்னது நெசந்தானா? உள்ள ஒண்ணுமே இல்லையா? நாந்தான் பைத்தியக்காரியா?"

"இல்லக்கா, இருங்க, பதறாதீங்க. நானும் கண்ணால பாத்தேனே!" ஜெரால்டு தலையைச் சொறிந்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "மடையன் நான். திரை ரெண்டு அடுக்குக்கா. கண்ணாடி மேல ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி. பேரு, பார்டர் எல்லாம் அடியில இருக்குது. மனசுல இருந்து வர்ற படம் தனி வழியா வந்து மேல உக்காருது. நம்ம கட்டளை அடியில இருக்கற கண்ணாடிய மட்டும் புடிச்சுட்டு வந்துருக்குது. மேல் அடுக்க நிறுத்திட்டா படத்தையும் அடியிலயே வரைஞ்சாகணும். கொஞ்சம் தெத்தித் தெத்தி வரும், ஆனா நம்ம கட்டளையில மாட்டிக்கும். இந்தச் சின்னச் சதுரத்துக்காகச் சுருக்காம முழுசா வேற வரும்."

கறுப்புச் சதுரம் விழுந்த தாளை மடித்து அவள் கைப்பையில் திணித்துக்கொண்டாள். கிழிக்கக்கூட நேரமில்லை. நர்ஸ் எந்நேரமும் திரும்பிவிடலாம். ஜெரால்டு என்னென்னமோ தட்டினான். அவள் மறுபடி குனிந்தாள். "மாமா... மாமா..." என்று மட்டும் கூப்பிட்டாள்.

வந்தது. தட்டினான். அச்சுப்பொறி மறுபடி முனகி, நிதானமாக, வரிவரியாக ஒரு தாளைத் தள்ளியது.

அவர்கள் வீட்டு வாசல்தான். நாலு மாதமாகத் திரையில் பார்த்ததுதான். ஆனால் திரையில் கண் நிலைப்பதற்குள் ஓடிவிடும், புள்ளி புள்ளியாய் மசங்கலாய்த் தெரியும். தாள் எங்கே ஓடப் போகிறது? முதல் படியில் போன தீபாவளிக்கு வெடித்த விரிசல் தெரிந்தது. திறந்த கதவு தெரிந்தது. அவள் சந்தோஷத்தில் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பாத்தியா தம்பி! எங்க வீடு! வரணும்ங்கறாரு!" பிறகு இன்னொரு தடவை ஆசை தீரப் பார்க்கலாமென்று விரித்தாள்.

படியில், இத்தனை நாளும் புள்ளியாய்த் தெரிந்த இடத்தில், அவன் செருப்பு. வார் பிய்ந்து அவன் நைலான் நரம்பு போட்டுத் தைத்துக்கொண்ட அதே பழுப்புச் செருப்பு. இரண்டும் ஒட்டினாற்போல், தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது.

அவளுடையது? தேடினாள். கதவுக்கு உள்ளே, நிலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீட்டுக்குள் பார்க்கத் திரும்பியிருந்தது.

பதினைந்து வருஷத்தில் அவன் தன் ஜோடியை மட்டும் தனியாகத் திருப்பி வைத்ததே கிடையாது.

"என்னாச்சுக்கா?" என்றான் ஜெரால்டு. அவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள், செருப்புக் கதையை. "நாலு மாசமா ஒரே படம் தம்பி. நாலு மாசமா போகட்டுமான்னு என்னைக் கேட்டுட்டே இருந்துருக்காரு. நான் என்னமோ வீட்டுக்கு வரணும்னு துடிக்கறாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

ஜெரால்டு அவள் கையிலிருந்த தாளைக் காட்டினான். "எப்படியோக்கா, தாள் கெடைச்சிருச்சு. இதைக் குடுத்தீங்கன்னா அவர யாரும் தொட முடியாது. யாரு சொன்னாலும் மெஷின நிறுத்த முடியாது. நீங்களே கேட்டாக்கூட."

"அவரே கேட்டா?"

"படம் உசுருக்குத்தான் சாட்சிக்கா. சம்மதத்துக்குச் சாட்சி இல்ல. மனசுல நெனைக்கறதெல்லாம் கேட்டதாயிருமான்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க."

"அப்பறம் எத்தனை நாளைக்கு இப்படியே?"

ஜெரால்டு பார்வையைத் திருப்பினான். அவன் பார்வை போன பக்கம் அவளும் பார்த்தாள். ஏழாம் கட்டிலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேலே ஒன்று, திரையில் ஒன்று.

"அவருக்கு வலிக்குமா? குழாய் போட்டு சளி எடுக்கறாங்களே, முதுகுல புண்ணு கழுவறாங்களே, அதெல்லாம்?"

"உள்ள இருந்தார்னா, தெரியும்க்கா."

நான் சொல்கிறேன், உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு தாள் கையில் கிடைக்கக் கூடாது. கொடுத்தால் அவன் இருப்பான், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, அவள் கிழவியாகும் வரை. கொடுக்காவிட்டால், கேட்டுக்கொண்டும் உணர்ந்துகொண்டும் இருக்கிற புருஷனைத் தெரிந்தே அனுப்பியவளாவாள். யாரிடம் போய் யோசனை கேட்பாள்? கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே கிடந்தான்.

அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோபம் கோபமாய் வந்தது. "அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? எங்க போனாலும் உங்களுக்கு அவசரம்தான்! என்னை விட்டுட்டு எந்த ஊருக்குக் கெளம்பறீங்க? என்னுதையும் எடுத்துத் திருப்பி வைங்க மாமா. நானும் வர்றேன். திருப்பி வைங்க!"

திரையில் படம் வந்தது. அதே படி, அதே விரிசல், தெருவைப் பார்த்து அவன் செருப்பு. அவளுடையது உள்ளேதான் இருந்தது. அவள் கெஞ்சினாள், திட்டினாள், அவன் தோளில் அடித்தாள். படம் போய்ப் போய் வந்தது. ஒரு தடவைகூட அவள் செருப்பு நிலையைத் தாண்டி வரவில்லை.

மதியம் குழு கூடியது. குளிரூட்டிய சின்ன அறை, நீள மேஜை, மூன்று டாக்டர்கள். கருவியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஜெரால்டையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் சுவரோடு சுவராக நின்றான்.

"ஏதாச்சும் தாள் எடுக்க முடிஞ்சுதாம்மா?" என்றார் டாக்டர் சுகன்யா.

தன்ஷிகா கைப்பைக்குள் கையை விட்டாள். உள்ளே இரண்டு தாள், இரண்டும் மடித்தது. எது எதுவென்று விரலுக்குத் தெரியும். ஒன்று அவசரத்தில் கசங்கியது, இன்னொன்றை அவள் ஒழுங்காக மடித்திருந்தாள். கை பைக்குள்ளேயே நின்றது. ஜெரால்டு அவள் கையையே பார்த்தான். ஒழுங்காக மடித்ததை ஒரு முறை தொட்டாள். அப்புறம் கசங்கியதை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் அதை நீவி விரித்தார். முத்திரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினார். "முத்திரை எல்லாம் சரியா இருக்கு. எப்படி எடுத்தீங்கன்னு நான் கேக்கல. ஆனா, நடுவுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஆமாங்க டாக்டர்," என்றாள் தன்ஷிகா. "ஒண்ணுமில்லீங்க."

டாக்டர் ஜெரால்டைத் திரும்பிப் பார்த்தார். "மெஷின்ல கோளாறு ஏதாவது இருக்குமாப்பா?"

தன்ஷிகா அவனைப் பார்க்கவே இல்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்குங்க மேடம்," என்றான். அதில் பொய் ஏதும் இல்லை.

டாக்டர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "நாங்களும் ஏதாவது இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டு இருந்தோம்மா," என்றார். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் வார்டு வாசலில் தன்ஷிகா செருப்பைக் கழற்றினாள். கழற்றியது தாறுமாறாய்க் கிடந்தது. ஒரு நிமிஷம் யோசித்துக் குனிந்து, இரண்டையும் சேர்த்து, உள்பக்கம் பார்க்க வைத்துவிட்டுப் போனாள்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு வெளியே போனார்கள். நர்ஸ் மூச்சுக் கருவிக்குப் பின்னால் நின்றாள். ஜெரால்டு, யாரும் வரச் சொல்லாமலே வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றான். டாக்டர் தலையசைப்பதற்கு முன், தன்ஷிகா கிருத்திக் காதருகே குனிந்தாள். அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். விசேஷ வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில் சொல்ல வேண்டுமே.

"நீங்க போய் வண்டிய எடுங்க மாமா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தர்றேன்."

திரையில் புகை கலைந்து வாசல் வந்தது. விரிசல் விட்ட படி, திறந்த கதவு, நிலைக்கு உள்ளே அவள் செருப்பு. படியில் ஒன்றும் இல்லை.

டாக்டர் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. ஜெரால்டுக்குத் தெரிந்தது. காலையில் கழற்றாமல் விட்ட விசைப்பலகைப் பக்கம் அவன் கை போய் நின்றது. அச்சடிக்கட்டுமா என்பது போல அவளைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.